உன் பெயரில் ஓடும் கடை

காக்கநாடு

அன்புள்ள அம்மாவுக்கு, மாரீஸ்வரி எழுதுவது. நான் சுகம். வண்டிப்பெரியாரில் மழை விட்டதா? முட்டிவலியோடு கொழுந்து பறிக்கப் போகாதே என்றால் கேட்கவா போகிறாய்!

தையல்கடை நன்றாகப் போகிறது. ஒரு கூத்து நடந்தது, கேள். உன் பேங்க் கணக்கில் என் போன் நம்பரைச் சேர்த்துத்தானே கடையைத் தொடங்கினோம்? அதனால் சுவரில் ஒட்டிய கியூஆரை ஸ்கேன் செய்தால் உன் பெயர்தான் வரும். "சுருளியம்மாள், அல்லே?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுத்தான் தைக்க வந்தவர்கள் பணம் அனுப்புவார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டி "அதே" என்பேன். இப்போது தெருவுக்கே நான் சுருளிச் சேச்சி. நேற்று பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் "சுருளிச் சேச்சீ" என்று கூப்பிட, நான் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

சின்ன வயதில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் உன் பெயரைக் கூப்பிட்டால், "இந்தா இருக்கோம்!" என்று நான்தான் முந்திக் கத்துவேன். அந்த ஞாபகம்.

என் பெயரில் கணக்கு ஓடினால்தான் இரண்டாவது மிஷினுக்கு லோன் தருவார்களாம். உன் கணக்கிலிருந்து என் நம்பரை எடுக்கும் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடு. அதற்கப்புறம் ஸ்கேன் செய்தால் என் பெயர்தான் வரும். பொன்ராஜ் மாமா இங்கே வரும்போது, நீ வேலைக்குப் போட்டுப்போகும் அந்தப் பழைய ஸ்வெட்டரையும் கொடுத்துவிடு. இங்கே புழுக்கம்தான், இருந்தாலும் வேண்டும்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். ஸ்வெட்டர் சீக்கிரம் வரட்டும். கையெழுத்துக்கு அவசரமில்லை.

உன் மாரி