வாலில் வைத்த இன்ஜின்

மார்ச் 4
பேத்தி இன்றும் சாப்பாட்டு மேசையிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். காற்றுச் சுரங்கத்தில் வேலை. பெரிய குழாய்க்குள் என் உயரத்துக்கு ஒரு மாதிரி விமானம்; எனக்கு அது பொம்மைதான். பொம்மை நின்ற இடத்திலேயே நிற்கும், காற்றுதான் பறந்து வந்து அதைக் கடந்து போகும் என்றாள். அதைக் கேட்டதிலிருந்து நான் நிற்க, தெரு என்னைக் கடந்து போவது போலவே இருக்கிறது. பால் வாங்கப் போனவள் கடையைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 9
எல்லோரும் இறக்கைக்குக் கீழே மாட்டும் இன்ஜினை இவள் வாலோடு ஒட்டி வைத்திருக்கிறாள். விமானத்தின் உடம்பை உரசி உரசி ஓய்ந்துபோன காற்றை இன்ஜின் விழுங்கினால் எரிபொருள் மிச்சமாம்.
"காத்து கூடவா ஓயும்?"
"ஒட்டிக்கிட்டே வந்தா ஓயும் பாட்டி."
துணி காயப்போடும்போதும் அதே நினைப்பு. இத்தனை வருஷமாக என்னை உரசிப் போன காற்றெல்லாம் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும்?

மார்ச் 15
சோதனையில் ஜெயித்துவிட்டாள். நினைத்ததைவிட எரிபொருள் மிச்சம். நிஜ விமானத்திலும் இப்படியே வைக்கலாம் என்கிறாராம் மேலதிகாரி. எதிர் வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன். அவள் மாமியாரிடம் சொன்னேன். மருந்துக் கடைக்காரர் கேட்கவே இல்லை, அவரிடமும் சொன்னேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி. வாயை மூடிக்கொண்டா இருக்க முடியும்?

மார்ச் 18
வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இன்ஜின் வாய்க்குள் காற்றின் அழுத்தம் பார்க்கப் பொடி ஓட்டைகள் உண்டு. பெயின்ட் அடிக்கும்போது அவை அடைபடாமலிருக்க டேப் ஒட்டுவார்கள். ஒரு துண்டை உரிக்காமலே சோதனை நடந்திருக்கிறது. டேப்பின் மேலும் அதே வெள்ளை; யார் கண்ணிலும் படவில்லை. பொம்மையைக் கழற்றும்போது இவள் விரலில் தட்டியிருக்கிறது. மூடிய ஓட்டை அழுத்தத்தைத் தப்பாகக் காட்டியிருந்தால் அந்த மிச்சமெல்லாம் பொய்யாக இருக்கலாம்.
"வேற யாராச்சும் பாத்தாங்களா?"
"இல்ல. நான் பாத்தேனே பாட்டி."
சொன்னால் இன்ஜின் போகும். சொல்லாவிட்டால்? ஐயோ, தெரு பூரா சொல்லித் தொலைச்சிருக்கேனே.

மார்ச் 19
சொல்லிவிட்டாள். மறுபடி சோதித்துப் பார்க்க, சுரங்கத்துக்காகக் காத்திருந்த அடுத்த குழுவினர் தங்கள் நேரத்தில் ஒரு காலையை இவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 23
மிச்சம் ஒன்றுமில்லை. ஓய்ந்த காற்று இன்ஜினுக்குள் ஒரு பக்கம் கூடுதலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் போகிறதாம். நிஜ இன்ஜினாக இருந்தால் விசிறி நடுங்கிப்போகும். இன்ஜின் மறுபடி இறக்கைக்குக் கீழே.

மார்ச் 24
அவளுக்குத் தலைவாரிவிட்டேன்.

மார்ச் 27
தையல்காரி பிடித்துக்கொண்டாள். "என்னம்மா, இன்ஜின் எப்ப பறக்குது?"
"பறக்காது. தப்புன்னு அவளே போய்ச் சொல்லிட்டா."
"பொழைக்கத் தெரியாத பொண்ணு."


ஏப்ரல் 6
அந்த அடுத்த குழுவினர் இன்று இவளைக் கூப்பிட்டார்களாம். கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் பொம்மையை மூக்கிலிருந்து வால்வரை விரலால் தடவிப் பார்த்தாளாம். இவள் தலையாட்டிய பிறகுதான் காற்றைத் திறந்துவிட்டார்கள்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கென்று வைத்திருக்கிறேன்.