ஓரக் குழிகள்

புனே

அன்புள்ள நைனாவுக்கு,

திருத்தணி வெயிலில் அலையாமல் இருக்கிறீர்களா? முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

டிஎன்ஏவைப் பெருக்கும் பிளாஸ்டிக் தட்டில் ஓரக் குழிகள் மட்டும் காய்ந்துபோகும் என்று சொன்னேனே. சீனியர் அசோக்குமார், நம் அரக்கோணத்துக்காரர், "உன் கைதாம்மா சரியில்ல, சாம்பிளை வச்சிகினு விளையாடறியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். உண்மையில் அவர் வாங்கிய மட்டமான தட்டுதான் மெஷின் சூட்டில் வளைகிறது. மேலே ஒட்டிய தாள் ஓரத்தில் பிரிந்து ஆவி போய்விடுகிறது. கண்டுபிடித்தும் வாய் திறக்கவில்லை. டைரக்டர் வந்த அன்று அசோக்குமாரின் சாம்பிளை அவர் கையாலேயே ஓரத்தில் வைக்க விட்டேன். அத்தனையும் காய்ந்தது.

"கை சரியில்லீங்களா சார்?" என்றேன்.

மாங்காய் ஊறுகாய் அனுப்புங்கள், மூடியை நீங்களே இறுக்குங்கள். இதைச் சொல்லிச் சிரிக்க இங்கே ஒருவரும் இல்லை. படித்ததும் போன் செய்யுங்கள்.

பிரிஸில்லா