நாற்பது நிமிடம்

கிண்ணியா,
2023.02.03

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் சுகத்துக்கு துஆச் செய்கிறேன்.

கொரோனாவோடு வந்த ஒன்லைன் பரீட்சையைப் பல்கலைக்கழகம் இன்னும் விடவில்லை. ஜனவரி 21 புள்ளிவிபரவியல். கமராவைத் திறந்து வைத்து, அறையில் தனியே இருந்து எழுதினேன். இப்போது கடிதம் வந்திருக்கிறது. அதே நேரத்தில் என் ஒன்லைன் கணக்கினுள் டோஹாவிலிருந்து இன்னொருவர் நாற்பது நிமிடம் இருந்தாராம். ஆள் வைத்து விடை எடுத்தேன் என்று குற்றம். மார்ச் 9 விசாரணை. தோற்றால் நாலு வருடப் படிப்பும் போய்விடும்.

கலியாணமான மறுகிழமை, "புருசன் பெஞ்சாதிக்குள்ள என்ன ஒளிப்பு?" என்று என் பாஸ்வேர்டை வாங்கியது நீங்கள்தான். "பார்த்தது நான், விடை எதுவும் சொல்லவில்லை" என்று பதிவாளருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். போனில் கேட்டால் வெட்டிவிடுகிறீர்கள். அதனால் அங்கே வரும் ஸஹாப்தீன் காக்காவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உங்கள்
ஜுமானா

டோஹா,
2023.02.10

ஜுமானா,

அப்படி எழுதித் தர ஏலாது. பெஞ்சாதியை வேவு பார்த்தவன் என்று ஊரெல்லாம் என் பெயர் நாற வேண்டுமா? ஆரும் கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

படிப்புப் போனால் போகட்டும். பட்டத்தைக் கரைத்தா குடிக்கப் போகிறாய்? நீ படித்துக் கிழித்தது போதும். ஒன்லைன் வகுப்பென்று கமராவுக்கு முன்னால் பொடியன்களோடு பல்லைக் காட்டியதும் போதும்.

அப்ராஸ்

கிண்ணியா,
2023.02.16

அன்புள்ள மச்சான்,

நீங்கள் சொல்வதுதான் சரி. படிப்பை விட்டுவிட்டேன். புத்தகங்களைக் கூடப் படிக்கும் ரிப்காவுக்குக் கொடுத்தாயிற்று.

கோபம் தணிந்த பிறகு யோசித்தேன். வேலையை விட்டுவிட்டு நாற்பது நிமிடம் பெஞ்சாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க எந்தப் புருசனுக்கு மனம் வரும்? அன்று நான் எப்படி இருந்தேன்? போனில் கதைத்தால் காற்றோடு போய்விடும். உங்கள் கையால், தேதி போட்டு எழுதுங்கள். தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வேன்.

உங்கள்
ஜுமானா

டோஹா,
2023.02.23

என் கண்ணே ஜுமானா,

உன் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன். முந்திய கடிதத்தில் உன்னைக் கண்டபடி ஏசிவிட்டேன், மன்னித்துக்கொள்.

அன்று, ஜனவரி 21, லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு உன் கணக்கினுள் வந்தேன். தலையில் பச்சை ஸ்காப் போட்டிருந்தாய். கேள்வி கடினமென்றால் நீ உதட்டைக் கடிப்பாய் என்று அன்றுதான் கண்டேன். ஒரு தரம் நேரே பார்த்தாய். என்னைத்தான் பார்க்கிறாய் என்று எண்ணி, லொறிக்குள் தனியே இருந்து கையை அசைத்தேன். பைத்தியக்காரன்.

அந்தக் கேள்விகளில் ஓர் எழுத்தும் எனக்கு விளங்காது. எட்டாம் வகுப்போடு நின்றவன். படித்து முடித்தால் இவள் என்னை மதிப்பாளா என்ற பயத்தில்தான் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் வந்து பார்த்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. இதை வேறு ஆருக்கும் காட்டாதே.

உன்
அப்ராஸ்

கிண்ணியா,
2023.03.10

அப்ராஸ் அவர்களுக்கு,

நேற்று விசாரணை. உங்கள் கடிதத்தைத் தலைவர் ஐந்து பேருக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். கையை அசைத்த இடத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எட்டாம் வகுப்புப் படித்தவர் இந்தப் பரீட்சைக்கு விடை சொல்லியிருக்க ஏலாது என்று என்னை விடுவித்தார்கள். படிப்பு மிஞ்சியது.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கடிதம் வந்த அன்று குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து அழுதேன். இப்படியொரு கடிதம் எனக்கு எவரும் எழுதியதில்லை. அழுது முடித்த பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டேன்.

வீடு என் சீதனம். லீவில் வந்தால் உங்கள் உம்மா வீட்டில் இறங்குங்கள். உங்கள் உடுப்புகளை அங்கே அனுப்பிவிட்டேன். காதியாரிடம் இன்று காலை விவாகரத்துக்கு விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் கேட்டார். அந்தக் கடிதத்தின் பிரதியை அவரிடமும் கொடுத்தேன்.

ஜுமானா