குப்பை முத்திரை

மார்ச் 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

பட்டம் இல்லாவிட்டால் என்ன, எனக்கு நீ டாக்டரம்மாதான். நலம். மாத்திரை தவறாமல் போடுகிறேன். நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் அரை வருஷம் ஆகிறது. இங்கே பேச்சுத்துணை ஃபிரிட்ஜ்தான். அதுவும் விட்டு விட்டுத்தான் முனகுகிறது.

வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவளிடம் ஒரு சந்தேகம். மழையில் நனைந்தால்கூடத் தும்மாத என் உடம்பு, எச்.ஐ.வி.யை ஏன் அடித்து விரட்டவில்லை?

அதைவிட முக்கியம், நீ சோதனை செய்துகொண்டாயா? லிஃப்ட் மாட்டப் போன ஊரில் இன்னொருத்தியோடு இருந்தவன் நான். நீ ஏன் அவதிப்பட வேண்டும்? ஒரு வரி எழுது.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் உடம்பைக் குறை சொல்லாதீர்கள். செல்லுக்குள்ளேயே ஒரு காவல் புரதம் இருக்கிறது. செல்லிலிருந்து கிளம்பும் புது வைரஸுக்குள் அதுவும் ஏறிக்கொள்ளும். அடுத்த செல்லில் வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது, இந்தப் புரதம் அந்தப் பிரதி முழுவதையும் பிழையாக்கிக் கெடுத்துவிடும்.

வைரஸ் அதோடு சண்டைக்கே போவதில்லை. அதன் மேல் 'குப்பை' என்று முத்திரை விழும்படி செய்கிறது, அவ்வளவுதான். குப்பையை அரைக்கும் இயந்திரம் செல்லுடையது. தன் காவலாளியைத் தானே அரைத்துப் போட்டுவிடும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல். ஆய்வகத்தில் இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு அதே வைரஸைத்தான் வளர்க்கிறேன். அக்கா சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன்.

உங்கள் மனைவி

மார்ச் 19

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

படித்தேன். சொந்த ஆளையே காவு கொடுக்கிற வேலை! எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் நான் கேட்ட இன்னொரு கேள்வியைச் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டாய். சோதனை என்ன ஆயிற்று?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 28

அன்புள்ள உங்களுக்கு,

செய்யவில்லை.

ஆய்வகத்தில் செல் வளர்க்க நாங்கள் முறை வைத்து ரத்தம் கொடுப்போம்; கொடுக்குமுன் எச்.ஐ.வி. சோதனை உண்டு. போன வாரம் என் முறை. சளி என்று சொல்லித் தப்பித்தேன். பயமா என்று யோசித்துப் பார்த்தேன். பயமில்லை, கோபமும் இல்லை. மரத்துப்போயிருக்கிறது.

உங்கள் மனைவி

ஏப்ரல் 4

என் கண்ணே,

கையெடுத்துக் கும்பிடுகிறேன், உடனே போய்ப் பார். இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே மாத்திரை போடுவோம். இல்லையென்றால் வந்து என்னை வாய் வலிக்கத் திட்டு. எப்படியானாலும் வா.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 20

அன்புள்ள உங்களுக்கு,

சோதனை செய்துகொண்டேன். எனக்கு இல்லை.

நீங்கள் தெருவுக்கே மிட்டாய் கொடுப்பீர்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் தள்ளிப்போட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. இருந்திருந்தால் பேசாமல் உங்களிடமே வந்திருப்பேன். இனி வேறு எங்கே போவது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். அந்தக் காரணத்துக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. இப்போது அதுவும் இல்லை.

நீங்கள் கடிதத்தோடு வைத்து அனுப்பிய உங்கள் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பல மாதமாக ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. இப்படியே மாத்திரை போட்டுவந்தால், ஒன்றாகப் படுத்தாலும் உங்களிடமிருந்து யாருக்கும் தொற்றாது. அதனால், நோய்க்குப் பயந்து வரவில்லை என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

வரத் தோன்றவில்லை. தோன்றும் என்று நானும் இத்தனை நாள் பார்த்தேன்.

மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நான்