எண்ணிக்கை சரியாக இருந்த இரண்டு பேருந்துகளில் ஆள் மாறிப்போனது குறித்து

அனுப்புநர்:
தச்சர் (யாரிடமும் தொழில் பழகாமல் தாமே கற்றவர்),
மரக்கடைக்கு மேல் மாடி.

பெறுநர்:
உயர்திரு பொது மேலாளர் அவர்கள்,
பேருந்துக் கழகத் தலைமை அலுவலகம்.

பொருள்: அக்காவைப் பார்க்கப் புறப்பட்ட என்னை வேறு ஊரில் இறக்கியதும், என் அக்காவிடம் வேறு ஒருவரை ஒப்படைத்ததும் – நான் வந்துகொண்டிருந்தேன் என்று எழுத்தில் கோருவது – தொடர்பாக.

பார்வை: "பயணிகள் எவரும் விடுபடவில்லை" என்ற தங்கள் கிளை அலுவலகத்தின் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த விஷயமாகத் தங்கள் கிளை அலுவலகத்துக்கு ஏற்கெனவே எழுதினேன். அவர்கள் அனுப்பிய பதிலைப் பலமுறை படித்தும் எனக்கு விளங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் படித்தேன். கீழே மரக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவருக்கும் விளங்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி தங்களுக்கு எழுதுகிறேன். கடைப் பலகைகளையும் பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாள்களையும் பார்த்து நானாகக் கற்ற எழுத்து இது. எழுத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் பிழை இல்லை.

1. எனக்கு ஒரே அக்கா. அவர் வீடு கட்டியபோது கதவு, சன்னல் எல்லாம் நான்தான் செய்து மாட்டினேன். குடிபோன மறுவாரம் அத்தான், "மாப்ள, வாசக் கதவு தரையில உரசுதே" என்றார். கதவு சரியாகத்தான் இருக்கிறது, சுவர்தான் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நேராக நிற்கவில்லை என்று நான் சொன்னேன். சுவர் கட்டியது அத்தானின் சொந்தத் தம்பி. பேச்சு வளர்ந்தது. அன்று புறப்பட்டு வந்தவன் பிறகு அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை. இப்போது அக்கா மகளுக்கே நரைத்துவிட்டதாகக் கேள்வி. சுவர் விஷயத்தில் என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றே.

2. சென்ற மாதம் அக்கா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். கண்ணில் புரை எடுத்திருக்கிறது, ஒரு தடவை வந்துவிட்டுப் போ, உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று. தங்கள் கழகத்தின் மூத்தோர் சலுகைச் சீட்டை வாங்கினேன். விடுதிச் செலவு வேண்டாம் என்று வழியில் என் பழைய பட்டறை நண்பர் வீட்டில் ஒரு இரவு தங்கினேன். பட்டறையில் அவருக்குப் 'பசை' என்று பெயர். பேசப் பிடித்தால் விடமாட்டார். காலையில் அவர் பேச்சைக் கத்தரிக்க முடியாமல் நேர்வண்டியைத் தவறவிட்டேன். அடுத்த வண்டி, ஊர் ஊராக நின்று போகும் வண்டி. அவரே வந்து ஏற்றிவிட்டு, "இந்தத் தடவையாவது போய்ச் சேருடா. என்னை அனுப்பி வைக்காத" என்றார்.

அந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. முன்பொரு சமயம் அக்கா வீட்டு விசேஷத்துக்கு எனக்குப் பதிலாகப் பசையை அனுப்பியது உண்மை. அது வேறு சந்தர்ப்பம். கிளை அலுவலகத்தில் இதைச் சொல்லவில்லை. பின்னால் வரும் சங்கதி விளங்க வேண்டும் என்பதற்காகத் தங்களுக்குச் சொல்கிறேன்.

3. மதியம் உணவுக்காக வண்டியை நிறுத்தினார்கள். நல்ல மழை. பக்கத்தில் தங்கள் கழகத்தின் இன்னொரு வண்டியும் நின்றது. அதே நிறம், அதே கிழிந்த இருக்கை உறை. நான் பையை இருக்கைக்கு மேலுள்ள தட்டில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். அந்த நேரத்தில் தண்ணீர் லாரிக்கு வழிவிட வேண்டி இரண்டு ஓட்டுநர்களும் வண்டிகளை எடுத்துத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தும்போது இடம் மாற்றி நிறுத்திவிட்டார்கள். இது பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டது. நான் விட்ட இடத்தில் நின்ற வண்டியில் ஏறி, விட்ட இருக்கையில் உட்கார்ந்தேன். முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்ததால் ஊர்ப்பலகை தெரியவில்லை. ஒரு மனிதன் விட்ட இடத்தில் நிற்கும் வண்டியில் ஏறுவது குற்றமா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

4. தங்கள் நடத்துநர்கள் எண்ணும் முறையை இங்கே குறிப்பிட வேண்டும். இருக்கையின் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் போகிறார்கள். தலை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். யார் தலை என்று பார்ப்பதில்லை. என் இருக்கையிலும் தட்டிவிட்டு, "சரியா இருக்கு, போலாம்" என்றார். எனக்கும் சரியாக இருப்பதாகவே பட்டது. தூங்கிவிட்டேன்.

5. வண்டி நின்ற ஊர் எனக்குப் பிடிபடவில்லை. பல வருடமாக வராத ஊர், மாறியிருக்கும் என்று நினைத்தேன். பையைத் தேடினேன், இல்லை. பையை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று குழம்பி நிற்கும்போது ஒரு இளைஞர் இருசக்கர வண்டியில் வந்து, "வாங்க மாமா, ஏறுங்க, மழை வலுக்குது" என்றார். அக்கா வீட்டில் அனுப்பிய ஆள் என்று ஏறிக்கொண்டேன். அக்கா எப்படியிருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, நன்றாக இருக்கிறார்கள், காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அவர் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர் என்பதும், அவர் அக்கா என்றது முதலாளியின் மனைவியை என்பதும் வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

கதவைத் திறந்த பெண் என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து, "நீங்க யாரு? எங்கப்பா எங்க?" என்றார். கண்ணாடி போட்ட, நரைத்த பெரியவரைக் கூட்டிவா என்று மட்டும் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வயதில் யார்தான் அப்படி இல்லை? என் கைப்பேசி பையில். அக்கா வீட்டு எண் கைப்பேசியில். அந்தப் பெண் அழுதுகொண்டே தங்கள் கிளைக்குப் பேசினார். இரண்டு வண்டியிலும் ஆள் எண்ணிக்கை சரி, யாரும் காணாமல் போகவில்லை என்று பதில் வந்தது. நான் அந்த வீட்டுக் கூடத்தில் ஈரச் சட்டையுடன் நின்றுகொண்டிருந்தேன். அவர் தகப்பனார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் யாரும் காணாமல் போகவில்லை. இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

6. அந்தத் தகப்பனார் ஒரு முடிதிருத்துநர். அவரும் தாம் விட்ட இடத்தில் நின்ற வண்டியில் ஏறி, என் இருக்கையில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். அக்கா ஊர் வந்ததும் நடத்துநர் இருக்கை எண்ணைப் பார்த்து அவரை எழுப்பி, என் பையை அவர் கையில் திணித்து இறக்கிவிட்டார். அங்கே என் அக்கா கறுப்புக் கண்ணாடியோடு தனியாக வந்து நின்றிருந்தார். அத்தானுக்கு முழங்கால் வலி, வரவில்லை. அக்கா பையைத் தடவிப் பார்த்திருக்கிறார். அது எங்கள் அப்பாவின் பை. உடனே அவர் கையைப் பிடித்து நிலையத்து பெஞ்சில் உட்காரவைத்து, இத்தனை வருடமாக என்னிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். வீட்டில் அத்தான் எதிரில் சொல்ல முடியாது என்பதால் அங்கேயே.

7. வீட்டுக்குள் நுழையும்போது அத்தான் உள்ளிருந்தபடியே, பழையபடி, பார்த்தாயா, இன்னும் கதவு உரசுகிறது என்று சொல்லியிருக்கிறார். முடிதிருத்துநர் மரியாதைக்கு, "ஆமாங்க, நல்லாவே உரசுது" என்றாராம். அக்கா அந்த இடத்திலேயே நின்று, "எந்தம்பி இதுக்கு ஜென்மத்துக்கும் ஒத்துக்க மாட்டான். நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

8. அக்கா வீட்டார் அவரை விசாரித்து, மகள் வீட்டு எண்ணைக் கேட்டுப் பேசினார்கள். அதன் பிறகுதான் இரண்டு வீட்டுக்கும் ஓரளவு புரிந்தது. மறுநாள் அவரை அக்கா ஊரிலிருந்தும் என்னை அவர் மகள் ஊரிலிருந்தும் ஏற்றி அனுப்பினார்கள். அதே உணவு நிறுத்தத்தில் சந்தித்துக்கொண்டோம். தோளில் என் பையுடன் ஒருவர் வருவதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நல்ல மனிதர். பையைக் கொடுத்து, அந்த அம்மா இதைத் திறக்கவே இல்லை என்றார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்ம நாற்காலியில உக்காந்து ஊரே பேசும். ஒண்ணையும் நான் வெளிய விட்டதில்லைங்க. நான் அவரு இல்லம்மான்னு சொல்ல ரெண்டு மூணு தடவ வாயெடுத்தேன். அந்தம்மா விடல. அது உங்களுக்குச் சொன்னது. அவங்க வாயாலயே கேட்டுக்கங்க."

கெஞ்சினேன் என்று சொல்ல மாட்டேன். வற்புறுத்தினேன். அவர் அசையவில்லை. போகும்போது மட்டும் திரும்பி, "நீங்க இருந்திருக்கணும்ங்க" என்றார்.

9. அங்கிருந்தே அக்காவுக்குப் பேசினேன். வண்டி மாறியதைச் சொன்னேன். வண்டி மாறுமாம், இருக்கை மாறுமாம், பை மட்டும் சரியாக வந்து சேருமாம், இதை யாரிடம் சொல்கிறாய் என்றார். அன்றைக்குப் பசை, இன்றைக்கு முடிவெட்டுகிறவர் என்றார். முடிதிருத்துநர் மகளுக்குத் தங்கள் கிளை சொன்ன பதிலையும் எடுத்துச் சொன்னார்: யாரும் விடுபடவில்லை என்றுதானே அவர்களே சொல்கிறார்கள். கடைசியாக, "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். கேக்க வேண்டியவன் வரல. இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டார். நான் அக்கா ஊர் வண்டியில் ஏறாமல் என் ஊருக்கே திரும்பினேன். நம்பாத வீட்டுக்கு எப்படிப் போவது?

10. என் பையில் இருந்தவை: மாற்றுத் துணி, கைப்பேசி, ஒரு இழைப்புளி. புதிதாகச் சாணை பிடித்தது. அக்கா வீட்டு வாசல் கதவின் அடிப்பக்கத்தைச் சற்று இழைத்துக் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனேன். கதவில் குறை இருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சுவர் சாய்ந்துவிட்டால் கதவுதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் கேட்பது இதுதான்: ஆளை மாற்றி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்க நினைக்கிறவன் பையில் இழைப்புளியை எதற்கு வைக்கிறான்?

ஐயா, கிளை அலுவலகம் நல்லெண்ணமாக இன்னொரு சலுகைச் சீட்டு அனுப்பியிருக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் நான் கேட்டது அது அல்ல. நடத்துநர்கள் மீது நடவடிக்கையும் கேட்கவில்லை. அவர்கள் தட்டிய இடத்திலெல்லாம் தலை இருந்தது. இனி தலையோடு சேர்த்து முகத்தையும் பார்க்கச் சொல்லி ஓர் உத்தரவு போட்டால் போதும்.

நான் வேண்டுவது, தங்கள் முத்திரையுடன் என் அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம். அதில் அதிகம் எழுத வேண்டியதில்லை. "தங்கள் தம்பி தங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். தவறு எங்களுடையது." இவ்வளவுதான். பெரிய எழுத்தில் எழுதச் சொல்லவும். அவருக்குக் கண் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு, சொன்னதை எனக்காக இன்னொரு தடவை சொல்வாரோ மாட்டாரோ தெரியாது. சொல்லாவிட்டாலும் கதவை இழைத்துவிட்டு வருவேன்.

சலுகைச் சீட்டைத் திருப்பி அனுப்பவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததென்று தெரிந்ததும் அதிலேயே புறப்படுவேன். இம்முறை வண்டி எங்கே நின்றாலும், எவ்வளவு நேரம் நின்றாலும், அக்கா ஊர் வரும்வரை என் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: மரக்கடை மாடி
நாள்: கிளை அலுவலகப் பதில் வந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
தச்சர்

இணைப்பு: கிளை அலுவலகப் பதிலின் நகல். இழைப்புளியை இணைக்க இயலவில்லை. அது பையிலேயே இருக்கிறது.