வெயில் விக்க வர்றவன்

என்னங்க,

சோறும் குழம்பும் மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க.

சாயங்காலம் அந்த சோலார்காரன் கையெழுத்து வாங்க வர்றானாம். "இன்னிக்கு விட்டா சலுகை போயிடும் சார்"னு அவன் சொன்னதும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினீங்களே! "உங்க மாடியில வெயில் கொட்டுது"ன்னானே, படி ஏறிப் பார்த்தானா? சோபாவை விட்டே எந்திரிக்கல. பக்கத்துல அஞ்சு மாடி எழும்பினதுலேர்ந்து நம்ம மொட்டைமாடி நாள் பூரா நிழல்லதான் கிடக்கு. ஒருநாளாவது துணி காயப்போட வந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

வாளியில உங்க சட்டைங்களைத் துவைச்சுப் பிழிஞ்சு வச்சிருக்கேன். மாடிச் சாவி ஆணியில தொங்குது. போய்க் காயப்போடுங்க. அவன் வர்றதுக்குள்ள காஞ்சிட்டா தாராளமா கையெழுத்துப் போடுங்க.

பி.கு: பீரோல வேற சட்டை தேடாதீங்க, எல்லாத்தையும் நனைச்சுட்டேன். காயலைன்னா ஈரச் சட்டையோடவே போய் அவனுக்குக் கதவைத் திறங்க.