வெயிலில் காய்ந்த சேறு

என் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தைக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். இரண்டு வருடமாக என் போனை எடுக்காதவன் கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். சின்ன வயதிலிருந்தே ஒட்டிய உறையைப் பார்த்தால் உன் கை சும்மா இருக்காது.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. அங்கே நீ ஒரு கடையில் மூட்டை தூக்குவதாக யாரோ சொன்னதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நீ வேலை பார்த்த குடிநீர் பம்ப் அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒன்பது நாள் விடாத மழை. எங்கள் ஆய்வுக்கூடத்தில், அணையின் அடியிலிருந்து எடுக்கும் சேற்றை மொட்டை மாடியில் தட்டுகளில் பரப்பி, வெயிலில் காயவைத்து, சலித்த பிறகுதான் சோதிப்போம். ஈரச் சேறு சல்லடையை அடைத்துக்கொள்ளும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், இருபத்தாறு வருடமாக நானும் செய்தேன். மழையில் காயவைக்க வழியில்லாமல், மூடிய புட்டியில் இருந்ததை அப்படியே எடுத்தேன். மூடியைத் திறந்ததுமே அழுகிய முட்டை நாற்றம். அம்மோனியா அளவைப் பார்த்துவிட்டு, எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்று மூன்று முறை திரும்பச் சோதித்தேன். மூன்று முறையும் அதே அளவு.

ஓடுகிற ஆறு வண்டலை அடித்துக்கொண்டு போய்விடும். தேக்கினால் வண்டலும் இலைதழையும் அடியில் படிந்து மக்குகின்றன. அவ்வளவு ஆழத்துக்குக் காற்று போவதில்லை. அதனால் சேற்றிலிருந்து அம்மோனியா, கந்தக வாயு, கரைந்த இரும்பு என்று எல்லாம் தண்ணீரில் கலந்துவிடுகின்றன. நான் காயவைத்தபோது வாயுக்கள் பறந்துவிட்டன, இரும்பு துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது. மிச்சம் இருந்ததைப் பார்த்து 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட்டேன். அதை நம்பித்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் வண்டலை வெளியேற்ற அணையின் அடி மதகைத் திறந்தார்கள். அந்தத் தண்ணீர்தான் ஆற்றோடு உன் பம்புக்கு வந்தது.

புரிகிறதா தம்பி? நீ போட்ட குளோரினை அந்தத் தண்ணீர் தின்றுவிட்டது. குழாயில் குளோரின் கொஞ்சமும் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். அறுபது பேர் வாந்திபேதியில் படுத்தார்கள். தையல்காரரின் மகள் பிழைக்கவில்லை. நீ குளோரினை விற்றுத் தின்றுவிட்டாய் என்று ஊரே சொன்னது. விசாரணையில் என்னைப் பார்த்து, "அக்கா, நான் அளந்துதான் போட்டேன், நீயாவது சொல்லுக்கா" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயத்தால் அல்ல. நீ பொய் சொல்கிறாய் என்று நானும் நினைத்தேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அறுக்கிறது.

புதிய அளவுகளை எங்கள் அதிகாரியிடம் காட்டினேன். "ரிட்டயர் ஆக நாலு மாசம்தாம்மா இருக்கு, பென்ஷனை ஏன் கெடுத்துக்கிறீங்க? இனிமே சரியா பண்ணினா போதும்" என்றார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் யாரும் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த மாதம் மதகை மறுபடியும் திறந்துவிடுவார்கள். நான் எல்லாவற்றையும் எழுதி, புட்டிகளோடு விசாரணைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். மதகைத் திறப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தையல்காரர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, அதே ஹாலில் விசாரணை. அன்று நீ உட்கார்ந்த நாற்காலியில் இந்தமுறை நான் உட்காருவேன். எனக்காக நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம், என் பக்கம் திரும்பக்கூட வேண்டாம். ஆனால் வா. உன்னைத் திருடன் என்றவர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் கண் முன்னால் நடந்து வந்து முன்வரிசையில் உட்கார். நீ நன்றாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும்.

உன்னை நம்பாமல் போன
அக்கா